ரிப்பேர் பார்க்கும் கையும் வண்டி ஓட்டும் கையும்

அப்பா இறந்த மறுநாள் காலையில் செஞ்சியில் அவருடைய கடைக்கு எதிரே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் காசு போட்டு அடித்தது. ஆதார் அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்ததால் முகம் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. பெயருக்கு முன்னால் ‘மெக்கானிக்’ என்று இருந்தது. கீழே, ‘சிறந்த தொழிலாளி, நல்ல குடும்பஸ்தர்’ என்று இரண்டே வரி. படித்துவிட்டு அம்மா, “நல்லாத்தான் போட்டுக்கிறாங்க” என்று மட்டும் சொன்னார்.

அன்று பிற்பகல் அடக்கம். அப்பாவிடம் வாடிக்கையாக வண்டி விட்டவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். காலனிக்குத் திரும்புகிற இடத்தில், தார் ரோட்டோரமாக வண்டிகளை நிறுத்திவிட்டு நின்றார்கள். மாலையைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பினார்கள். உடல் ரோட்டுக்கு வந்து எங்கள் சுடுகாட்டுப் பக்கம் திரும்பியபோது கும்பிட்டார்கள். நாலைந்து பேர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் யாரும் அந்தத் திருப்பத்தைத் தாண்டவில்லை.

ரோட்டில் நின்றவர்களில் சிலர் அழுததை நான் பார்த்தேன். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருஷப் பழக்கம். காலனிக்குள் கால் வைக்காததும் உண்மைதான். ஒரே ஆளிடம் இவை இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன? அப்பாவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன்.

எங்கள் தாத்தா ஊருக்குப் பறை அடித்தவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பக்கத்து ஊர்களுக்கு நடந்தே போய்ச் சாவு சொல்ல வேண்டும். திரும்பி வந்து அடிக்க வேண்டும். குழி வெட்ட வேண்டும். செத்த மாட்டை இழுத்துப் போட வேண்டும். இதற்கு ஈடாக அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் கொஞ்சம் நெல் அளந்து போடுவார்கள். அந்த நெல்லுக்கு ஊர் வழக்கில் ‘சுதந்திரம்’ என்று பெயர். அடிமை வேலைக்குக் கிடைத்த கூலிக்குச் சுதந்திரம் என்று பேர் வைத்த ஊர் எங்களுடையது.

1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. தலைமுறை தலைமுறையாக ஊர்க் கணக்கைக் கையில் வைத்திருந்தவர்களின் பதவி ஓர் அவசரச் சட்டத்தில் போனது. சாவு சொல்லப் போகிற வேலையை எந்தச் சட்டமும் கொடுத்திருக்கவில்லை. அதனால் அதை எடுக்கவும் சட்டம் வரவில்லை. மேலே இருந்த பரம்பரை உரிமையைக் கோட்டையில் கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். கீழே இருந்த பரம்பரை வேலையை அவனவன்தான் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் அதை முடித்தவர் அப்பா. அப்போது அவருக்குப் பதினாறு வயது. தாத்தா காய்ச்சலில் படுத்திருந்தார். ஊரில் ஒரு பெரிய வீட்டில் சாவு. ஆள் வந்து பையனை அனுப்பச் சொன்னபோது அப்பா, “எனக்கு அடிக்கத் தெரியாதுங்க” என்று சொல்லியிருக்கிறார். அது பொய். அவருக்கு நன்றாக அடிக்கத் தெரியும். எங்கள் காலனித் திருவிழாவில் பறையைத் தீயில் காய்ச்சி அவர் அடிக்க ஆரம்பித்தால் சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று ஆடுவோம். ஊர்ச் சாவுக்கு மட்டும் அவருக்கு அடிக்கத் தெரியாது. கடைசிவரை தெரியாது.

இன்று பறையை விடுதலையின் இசை என்று நாம் மேடையேற்றுகிறோம். நானும் அந்த மேடைகளுக்கு முன்னால் நின்று கைதட்டியிருக்கிறேன். அதே பறையைக் கீழே வைத்தவர்களையும் அந்த மேடையில் ஒரு வார்த்தை நினைக்க வேண்டும். அவர்கள் கீழே வைத்ததால்தான் நம்மால் அதை விரும்பி எடுக்க முடிகிறது.

அந்த வருஷம் எங்களுக்கு நெல் அளக்கவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியிருந்த அப்பா, செஞ்சியில் ஒரு பாய் நடத்திய பட்டறையில் ஏற்கெனவே எடுபிடியாகச் சேர்ந்திருந்தார். சம்பளம் கிடையாது. இரண்டு டீ, மதியச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை சந்தை நாளில் வண்டிகள் நிறைய வந்தால் கையில் ஏதாவது தருவார்கள். முதல் ஆறு மாதம் பெட்ரோலில் பாகங்களைக் கழுவுவதும், எது பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர், எது பதினாலு என்று பார்க்காமலே எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. அந்தப் பட்டறையைப் பற்றி அப்பா சொன்னதில் எனக்கு மறக்காதது சாப்பாடுதான். பாய் வீட்டிலிருந்து வரும் சோற்றை ஒரே தட்டில் போட்டு எல்லோரும் கை வைத்துச் சாப்பிடுவார்களாம். “மொத நாளு எனக்குக் கையே போவலம்மா. தனியா எலை போடுவாங்கன்னு காத்துக்கினு நின்னேன்” என்பார்.

கைத்தொழில் என்று நம் ஊரில் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு சாதிப் பெயர் ஒட்டியிருக்கும். தச்சு, கொல்லு, சலவை, சவரம், தோல் எல்லாவற்றுக்கும் ஆளை முன்பே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மோட்டார் மெக்கானிக் வேலைக்கு அப்படி ஒதுக்க அவகாசம் கிடைக்கவில்லை. இன்ஜின் கப்பலில் வந்தது. அதைத் தொட யாருக்கு உரிமை என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லி வைக்கவில்லை. ஆகவே அந்தப் பட்டறைகளுக்குள் எல்லோரும் நுழைந்தார்கள், எங்கள் அப்பா மாதிரி ஆட்களும் நுழைந்தார்கள். அம்பேத்கர் 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில், ஒருவன் தன் தொழிலை மாற்றிக்கொள்ள முடியாதபடி சாதி கட்டிவைத்திருக்கிறது என்பதை ஒரு பொருளாதாரக் கேடாகவே எடுத்துக்காட்டுகிறார். அப்பா அந்த நூலைப் படித்தவரில்லை. கட்டை அவிழ்த்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தவர்.

வேலையில் அவர் கெட்டிக்காரர். பிளக்கைக் கழற்றி முனையின் நிறத்தைப் பார்த்தே இன்ஜினின் உடம்பு எப்படி இருக்கிறதென்று சொல்லிவிடுவார். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் சூடேறுகிறது. செங்கல் பொடி நிறத்தில் இருந்தால், “இன்னும் ரெண்டு வருஷம் இன்ஜினைப் பிரிக்காதீங்க” என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். தேவையில்லாமல் இன்ஜினைப் பிரிக்காத மெக்கானிக் என்பதுதான் அவருடைய பெயர். மேல்மலையனூர் அமாவாசைக்கு வந்து வழியில் வண்டி நின்றுபோன வெளியூர்க்காரர்களுக்காக நடுராத்திரியிலும் எழுந்து போவார்.

இனி அந்த வண்டிக் கதைக்கு வருகிறேன்.

அப்பா சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஆட்கள் ஊர்த்தெருவில் சைக்கிள் ஓட்டக்கூடாது. தெரு ஆரம்பிக்கும் இடத்தில் இறங்கி, தள்ளிக்கொண்டே போய், தெரு முடிந்ததும் ஏறிக்கொள்ள வேண்டும். செருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பட்டறையில் சேர்ந்த நாலாவது வருஷம், அதே தெருவின் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் தன் ராஜ்தூத் வண்டியைப் பட்டறையில் விட்டார். வேலை முடிந்ததும் டிரையல் பார்க்க வேண்டும். பிறகு கொண்டுபோய் வீட்டில் விட வேண்டும். பாய் அப்பாவை அனுப்பினார். அப்பா அந்த ராஜ்தூத்தை ஓட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் போனார். சத்தம் கேட்டுத் திண்ணையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி பெரிய வீட்டு வண்டி. “கியரைக் கொறச்சி மெதுவாத்தான் ஓட்னேன். எதுக்கு வேகமா போவணும்? தெரு சீக்கிரம் முடிஞ்சிடும்ல” என்று சொல்லிச் சிரிப்பார்.

பத்து வருஷம் கழித்து, 1990களின் ஆரம்பத்தில், பழைய டிவிஎஸ் 50 ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். அம்மாவின் கம்மலை அடகு வைத்து வாங்கி, இன்ஜினைத் தானே பிரித்துச் சேர்த்த வண்டி. அதில் அதே தெருவில் போனபோது ஒருவர் குறுக்கே வந்து நின்றார். “எறங்கித் தள்ளிக்கினு போடா” என்றார். நான் வண்டியின் முன்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஐந்து வயது இருக்கும். அப்பா அன்றைக்கு இறங்கினார். தள்ளிக்கொண்டு போனார். நான் இறங்கவில்லை. வண்டியிலேயே நின்றுகொண்டு போனேன். அப்பாவின் கை ஹேண்டில்பாரில் என் இரண்டு பக்கமும் இருந்தது நினைவிருக்கிறது.

இரண்டு முறையும் தெரு ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். முதல் முறை வண்டி அவர்களுடையது. இரண்டாவது முறை வண்டி எங்களுடையது.

மறித்த ஆள் ஒரு மாதத்துக்குள் தன் வண்டியோடு அப்பாவின் கடைக்கு வந்தார். அதற்குள் அப்பா ஒரு புளியமரத்தடியில் தனியாகக் கடை போட்டிருந்தார். வேலை பார்த்துக் கொடுத்து, எல்லோரிடமும் வாங்குகிற கூலியை வாங்கிக்கொண்டார். கல்லூரிக்குப் போன பிறகு இதற்காக அவரிடம் பெரிதாகச் சண்டை போட்டேன். ஏன் வேலை பார்க்க முடியாது என்று சொல்லவில்லை என்று கேட்டேன். “அவன் வேற கடைக்குப் போய்டுவாம்மா. நான் எந்த ஊருக்குப் போறது?” என்றார். அன்று அந்தப் பதில் எனக்குக் கோழைத்தனமாகப் பட்டது. அப்போது எனக்கு வாடகை கட்டுகிற வயதில்லை.

அவர் செய்த வேறு ஒரு காரியம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தச் சம்பவத்துக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னை முன்னால் நிற்க வைத்து, அம்மாவைத் தம்பியோடு பின்னால் உட்கார வைத்து, அந்தத் தெரு வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறும் போனார். நாங்கள் ஏதோ சினிமாவுக்கோ கோட்டைக்கோ போகிறோம் என்று சந்தோஷமாக இருந்தோம். அம்மாவுக்கு மட்டும் தெரியும். முதல் தடவை கை நடுங்கியதாம். “பொம்பளையும் கொயந்தையும் இருந்தா கை வெக்கக் கொஞ்சம் யோசிப்பானுங்க” என்று அப்பா சொன்னாராம். அது வீரமா, எங்களைப் பணயம் வைத்ததா? இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாலைந்து வாரத்தில் திண்ணையில் இருந்தவர்கள் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அதன் பிறகு காலனிப் பையன்கள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போவது மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு. எங்களுக்கு அது ஊர்வலம். ‘நல்ல குடும்பஸ்தர்’ என்று பேனரில் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று காலனிகளைக் கொளுத்தினார்கள். ஒரு பெண்ணும் ஒரு பையனும் சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அடுத்த வருஷம் ஜூலையில் அந்தப் பையன் இளவரசன் ரயில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். தம்பி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு வருஷமும் சாயங்காலம் அப்பா வேலையைப் பாதியில் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வயதுப் பையனை அப்பா வந்து அழைத்துப் போவதைப் பார்த்துக் கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். “செல்லப்பிள்ளை” என்றார்கள். அப்பா ஏன் வருகிறார் என்பதைத் தம்பி யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பயம் அவரைச் சுருக்கவும் செய்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்குப் போனில் பேசினால் முகம் மாறிவிடும். பட்டறைப் பக்கம் என்னை வரவே விட்டதில்லை. தம்பியையும் விட்டதில்லை என்றாலும் அவனிடம், “கை கறுத்துடும், போய்ப் படி” என்றவர் என்னிடம், “பொட்டப்புள்ளைக்கு இங்க இன்னா வேல?” என்றார். சாதிக்கு எதிராக நின்றவர்கள் வீட்டுக்குள் தானாகவே சமத்துவமாகிவிடுவார்கள் என்று நான் எழுதினால் அம்மாவுக்குச் செய்கிற துரோகம். கடை போட்ட முதல் முதல் அம்மாவின் கம்மல். கடையில் வருமானம் இல்லாத மாதங்களில் வீடு ஓடியது அம்மா மல்லாட்டை ஆய்ந்த கூலியிலும் நூறு நாள் வேலையிலும். பேனரைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி அம்மா என்னிடம் சொன்னது இது: “அவரு குடும்பஸ்தருதான். ஆனா குடும்பம் நான்தானே நடத்துனேன்?”

பிள்ளைகளைப் பட்டறைக்குள் விடாதது பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியாரும் மற்றவர்களும் போராடினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. 18 தொழில்கள், குடும்பத் தொழில், குரு சிஷ்ய பரம்பரை, 18 வயதிலேயே சேரலாம். தமிழ்நாடு அரசு அதை அப்படியே ஏற்க மறுத்தது. அந்தப் பதினெட்டின் பட்டியலில் கொல்லர், தச்சர், குயவர், சலவை, சவரம், செருப்பு எல்லாம் உண்டு. மோட்டார் மெக்கானிக் இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “நம்மள்து பரம்பரைத் தொழில் இல்லியே. என்னோட ஆரம்பிச்சி என்னோட முடியுது” என்றார். கவலையாகச் சொல்லவில்லை. நிம்மதியாகத்தான் சொன்னார்.

ஒருவர் தன் தொழிலை நேசித்தார் என்று எழுதுவது அஞ்சலிக் கட்டுரைகளில் வழக்கம். அப்பா இன்ஜினை நேசித்தார். அந்த வேலை தன்னோடு முடிய வேண்டும் என்றும் விரும்பினார். கைத்தொழிலின் பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளுக்கு வேறு வேலை தேடி வைத்துவிட்டுப் பேசுகிறார்கள்.

முடிவை அவர் விரும்பிய வேகத்தைவிட வேகமாக அரசாங்கமும் கம்பெனிகளும் கொண்டுவந்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வண்டிகள் வந்தன. பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வந்தது. கோளாறைக் கண்டுபிடிக்கக் காது போதாது, ஸ்கேனர் வேண்டும். அப்பாவின் கடைக்குப் பழைய எக்ஸ்எல்களும் சிடி 100களும் மட்டும் வந்தன. புகையைக் குறைப்பது நல்லதுதான். ஆனால், மாற்றம் வரும்போது ஷோரூம் முதலாளிக்குப் பயிற்சியும் கருவியும் கம்பெனியே கொடுத்தது. ரோட்டோர மெக்கானிக்கைக் கூப்பிட்டு யாரும் ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. சாதி போட்ட கட்டை ஒரு கருவியைப் பிடித்து அவிழ்த்தவர்கள், அந்தக் கருவி மாறும்போது முதலில் கீழே விழுகிறார்கள்.

அப்பா இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 2025 பிப்ரவரியில், மானாமதுரைக்குப் பக்கத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகவே வெட்டினார்கள் என்று குடும்பம் சொன்னது. அந்தச் செய்தியை டிவியில் பார்த்த அப்பா வெகுநேரம் பேசவில்லை. அவர் கையில் எத்தனை புல்லட்கள் பிரிந்து சேர்ந்திருக்கும் என்று கணக்கே கிடையாது. பிறகு சொன்னார்:

“ஓட்றவன் கைய வெட்றான். ரிப்பேர் பாக்கறவன் கைய உட்டுட்றான். ஏன்னு யோசிச்சியாம்மா?”

அந்தத் தார் ரோட்டில் நின்றவர்களைப் பற்றி ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாதி நம் உழைப்பை வெறுப்பதில்லை. அதற்கு நம் கை வேண்டும். நன்றாக வேலை செய்தால் பாராட்டும், பேனர் கட்டும், செத்தால் கண் கலங்கும். அந்தக் கை தனக்கென ஒரு வண்டியைப் பிடிக்கும்போதும், தன் வீட்டுக்கு மற்றவர்களை அழைக்கும்போதும்தான் அதற்குப் பொறுக்காது. ஆகவே நம்மைப் பாராட்டுகிறவர்களிடம் நாம் பார்க்க வேண்டியது அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை அல்ல. எதுவரை வருகிறார்கள் என்பதைத்தான்.

இதைப் படிக்கிற இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். தலைவர்களையும், கொல்லப்பட்டவர்களையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அது கடமை. அப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. ஒரு போராட்டத்திலும் கைதாகவில்லை. அம்பேத்கரின் காலண்டர் படத்தை டூல்ஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார், வாடிக்கையாளர் கண்ணில் படாமல். ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்துதான் வேலையை ஆரம்பித்தார். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போன பிறகு அந்தப் படத்தைச் சுவரில் மாட்டினார். மூன்று, நான்கு வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள். அவர் கழற்றவில்லை. இப்படி ஒரு கணக்குப் போட்டு, காத்திருந்து, நேரம் பார்த்து எதையோ மறுத்தவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருப்பார்கள். உங்கள் அப்பாவிடம், அம்மாவிடம், பாட்டியிடம் கேளுங்கள்: எதைச் செய்யமாட்டேன் என்று சொன்னீர்கள்? எந்தத் தெருவில் முதலில் இறங்காமல் போனீர்கள்? கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் தானாகச் சொல்லமாட்டார்கள்.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் எக்ஸ்எல்லை நான் எடுத்தேன். பின்னால் அம்மா உட்கார்ந்தார். ஊர்த்தெரு வழியாகவே போனோம். ஒரு திண்ணையிலிருந்து வயதான ஒருவர், “மெக்கானிக் பொண்ணா?” என்று கேட்டார். “ஆமாங்க, வீட்டுக்கு வாங்க” என்றேன்.

இன்னும் வரவில்லை.